இந்தச் சீட்டுக்குத் தாச்சி ஆர்?

மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு பணக்காரர் வீட்டுத் தோட்டத்தைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டு விக்னராஜா திரும்பி வந்தபோது, மூன்றாம் மாடிக்காரி சிஞ்ஞோரா கவல்லாரோ கட்டட வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மற்றக் கையில் பூனை.

"திரும்பவும் புகை! கண் எரிகிறது, தொண்டை எரிகிறது, பூனை தும்மித் தும்மிக் களைத்துப் போய்விட்டது. உங்கள் பொயிலர் எங்களைக் கொன்றுவிட்டுத்தான் ஓயும்!"

விக்னராஜா மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் வருகிற புகை, அவர் வேலை முடிந்து வருவதற்குள் போய்விடுகிறது. போன சனியும் அப்படித்தான், அதற்கு முதல் சனியும் அப்படித்தான்.

"சி பென்ஸோ இயோ," என்றார்.

'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். பலெர்மோவுக்கு வந்து இத்தனை வருடத்தில் அவர் பிழையில்லாமல் பேசக் கற்றுக்கொண்ட இத்தாலிய வசனம் அது ஒன்றுதான். மற்ற வசனங்களில் வினைச்சொற்களுக்குக் காலம் காட்டுகிற வழக்கம் அவரிடம் இல்லை. வருதல், போதல், கழுவுதல் என்று அப்படியே போட்டுவிடுவார். ஆனால் போடுகிற தோரணையைப் பார்த்தால், இத்தாலியர்கள்தான் வீட்டுக்குப் போய்த் தங்கள் இலக்கணத்தைச் சரிபார்க்க வேண்டும் போலிருக்கும்.

ஒரேத்தோப் பகுதியில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு அவர் போர்த்தியேரே, அதாவது வாசற்காவலர். படி கழுவுவது, தபால் பிரிப்பது, லிஃப்ட் இடையில் நின்றால் ஆட்களை வெளியே இழுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முழங்கால் வருத்தத்தால் நிலக்கீழறைக்கு மட்டும் இறங்கமாட்டார். கட்டடத்தைச் சூடாக்குகிற டீசல் பொயிலர் இருக்கிற அந்த இடத்தைச் சனிக்கிழமைகளில் கூட்டுவது அவர் மனைவி குகனேஸ்வரி. அதன் கதவுத் திறப்பும் அவளிடம்தான் இருந்தது. சம்பளத்தோடு வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். அதில்தான் அவரும் மனைவியும் மகள் துசானியும் குடியிருந்தார்கள்.

அன்று பின்னேரமே குடியிருப்பாளர்கள் கூட்டம் கூடினார்கள். கட்டட நிர்வாகி ஸ்பத்தாரோ தொண்டையைச் செருமினார்.

"பொயிலருக்கு வயதாகிவிட்டது. குழாயில் வருகிற மெத்தானோ காஸுக்கு மாற வேண்டும். புதுப் பொயிலர், புதுக் குழாய், பெரிய செலவு. அதைச் சமாளிக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி." அவர் விக்னராஜாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். "போர்த்தியேரே வேலையை நிறுத்திவிட்டு வாசலில் சித்தோஃபோனோ பூட்டலாம். வெளியில் பொத்தானை அமத்தினால் வீட்டுக்குள் மணியடிக்கும். அதற்குச் சம்பளமும் இல்லை, அறையும் தேவையில்லை."

விக்னராஜா விரலை மடக்கி எண்ணினார். வேலை போனால் அறை போகும். அறை போனால் முகவரி போகும். முகவரியும் வேலையும் இல்லாதவனுக்குப் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, யார் புதுப்பித்துக் கொடுப்பார்கள்? ஒரு பொத்தான் தன் குடும்பத்தையே தூக்கி வெளியில் வைக்கப் போகிறது என்று நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அவருக்குக் குரல் கூடும்.

"வேறு வழி இருத்தல் இல்லையா?"

"நகரசபை ஒரு நிதி தொடங்கியிருக்கிறதாம். சுத்தமான முறையில் கட்டடங்களைச் சூடாக்குவதற்கு. ஆனால் அதற்கு அலைய யாருக்கு நேரமிருக்கிறது?"

"சுத்தம் என்றால் என் தொழில்," என்றார் விக்னராஜா. "சி பென்ஸோ இயோ."

அறைக்கு வந்து சொன்னபோது குகனேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை.

"உதுக்கெல்லாம் நீங்கள் ஏன் போறியள்? புகை தானா நிண்டிடும்."

"எப்பிடி நிக்கும்? பொயிலர் வந்து உமக்குச் சொன்னதோ?"

"நான் சொல்லுறன். இனி வராது. பேசாமல் இருங்கோ."

"இஞ்சேரும், வேலையே போகப்போகுது எண்டுறன். நீர் புகையைப் பற்றிக் கதைக்கிறீர்."

அவள் கையிலிருந்த வெங்காயம் நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. "வேலை போகுதோ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு நிலக்கீழறைத் திறப்பை இடுப்பிலிருந்து எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டிவைத்தாள். விக்னராஜா அதைத் தன் திறமையில் அவளுக்கு வந்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று கிழமையாக ஒவ்வொரு வாசலாக அலைந்தபின்தான் நகரசபைக் கந்தோரில் சரியான ஆளைக் கண்டுபிடித்தார். அந்த நிதிக்குப் பொறுப்பாக இருந்தவர் டொத்தோரெஸ்ஸா ஃபெர்ராந்தே; படித்துப் பட்டம் பெற்ற பெண்ணை அங்கே டொத்தோரெஸ்ஸா என்றுதான் கூப்பிடுவார்கள். வட்டக் கண்ணாடி போட்ட, வேலைக்குப் புதிதாக வந்த இளம்பெண். வந்தவர்களை இருத்திவைத்துப் பொறுமையாக விளக்குகிற நல்ல பழக்கம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

"நகரசபை ஒரு தொகையைப் பொதுவில் வைத்திருக்கிறது. ஒரு கட்டடம் அதிலிருந்து எடுத்து டீசலை விட்டு மெத்தானோவுக்கு மாறும். மெத்தானோ மலிவு. அதனால் மாதாமாதம் மிச்சமாகிற காசை அந்தக் கட்டடம் திருப்பிப் பொதுவில் போடும். வட்டி கிடையாது. போதிய காசு திரும்பிச் சேர்ந்ததும் அடுத்த கட்டடம் எடுக்கும். பிறகு அதற்கு அடுத்தது. காசு சுற்றிக்கொண்டே இருக்கும். விளங்குகிறதா?"

விக்னராஜாவின் முகம் மலர்ந்தது. விளங்குகிறதாவா? மாதாமாதம் எல்லோரும் போடுவது, முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்பது. இது சீட்டு! சாவகச்சேரியில் அவர் கட்டாத சீட்டா? இத்தனை பெரிய இத்தாலிய நகரசபை கடைசியில் எங்கள் சீட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமையில், டொத்தோரெஸ்ஸா அடுத்துச் சொன்னது காதில் ஏறவில்லை. யாருக்குப் புகைக்கேடு அதிகமோ அவர்களுக்கே முதல் இடம் என்று அவர் சொன்னார். விக்னராஜா அப்போது வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். சீட்டைப் பிடித்து நடத்துகிறவருக்கு யாழ்ப்பாணத்தில் தாச்சி என்று பெயர். எந்தச் சீட்டிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, தாச்சி ஆர் என்பது.

"இந்தக் காசை வைத்திருத்தல் யார்?"

"நான்தான் பொறுப்பு."

ஆகவே இந்தப் பிள்ளைதான் தாச்சி. இனி ஏலம். அவசரக்காரன் முதல் ஆளாக எடுக்க விரும்பினால் கழிவு கூட்டிக் கேட்கவேண்டும். அதாவது, 'முழுத்தொகை வேண்டாம், இவ்வளவைக் கழித்துக்கொண்டு தாருங்கள்' என்று சொல்லவேண்டும். கழித்த காசு மற்றச் சீட்டுக்காரருக்குப் போகும். உலகத்தில் இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது. விக்னராஜா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். ஏலத்தின் முதல் கேள்வியை அயலாரின் காதில் விழாமல் கேட்பதுதான் கெட்டித்தனம்.

"சிஞ்ஞோரா, எங்களுக்கு முதலில் தருதல். நாங்கள் இருபது வீதம் உங்களிடம் விடுதல்."

டொத்தோரெஸ்ஸாவின் முகம் வெளிறியது. "என்ன சொன்னீர்கள்?"

இருபது போதவில்லை போலிருக்கிறது என்று விக்னராஜா நினைத்தார். "முப்பது."

"ஐயா, நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா?"

"முப்பத்தைந்து! வேறு ஒருவரும் இவ்வளவு தருதல் இல்லை."

டொத்தோரெஸ்ஸா எழுந்து போய்க் கதவை நன்றாகத் திறந்துவைத்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார். "உங்களை இங்கே அனுப்பியது யார்?"

விக்னராஜா நெஞ்சை நிமிர்த்தினார். கட்டடத்தில் இருபத்திநான்கு குடும்பங்கள். குடும்பம் என்பதற்கு இத்தாலியச் சொல் அவருக்குத் தெரியும்.

"ஃபமீலியா," என்றார். "இருபத்திநான்கு ஃபமீலியா. எல்லாரும் என் பின்னால் இருத்தல்."

பலெர்மோவில் மாஃபியாக் கும்பலுக்கும் அதே பெயர்தான்; அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது, எப்படிச் சொல்லாமல் விடுவது என்பது அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். டொத்தோரெஸ்ஸா ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "புதன்கிழமை வாருங்கள்," என்றார்.

"தாச்சி ஒரு சின்னப் பிள்ளை," என்று விக்னராஜா வீட்டில் விவரித்தார். "ஆனால் கெட்டிக்காரி. முப்பத்தஞ்சு மட்டும் ஏத்திப்போட்டாள். புதன்கிழமை முடிவு சொல்லுவாள்."

"எனக்குத் தெரிஞ்ச தாச்சி அடுப்பிலை வைக்கிற தாச்சி ஒண்டுதான்," என்றாள் குகனேஸ்வரி. "கவுண்மேந்துக் காசுக்கு ஆரும் கழிவு கேப்பினமே? அந்தப் பிள்ளை என்ன நினைச்சுதோ."

"நீர் உந்தப் பொரிக்கிற தாச்சியைப் பாரும். இதை என்னட்டை விடும்."

நிர்வாகி ஸ்பத்தாரோவிடம் சொன்னபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார்.

"முப்பத்தைந்து வீதமா? அதிகாரியிடமா? அது லஞ்சம், விக்னா! இந்த வருடங்களில் பெரிய பெரிய மந்திரிமார்களே அதற்காக உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். நானும் போகப்போகிறேன். போய் மன்னிப்புக் கேளுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கட்டடத்துக்குப் புதுப் பொயிலரும் இல்லை, உங்களுக்கு வேலையும் இல்லை!"

"சி பென்ஸோ இயோ," என்றார் விக்னராஜா. இந்த முறை சற்று மெதுவாகத்தான் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது. "உம்மடை கறித்தூளிலை ஒரு பக்கற் தாருமன்," என்று மனைவியிடம் கேட்டார். குகனேஸ்வரியின் தூளுக்குப் பலெர்மோத் தமிழர்களிடம் பெரிய மதிப்பு இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் என்றால் வியா மக்வேதாத் தெருவில் கடை வைத்திருக்கிறவர்கள்கூட அவர்கள் அறை வாசலில் வந்து நிற்பார்கள். அதை வறுப்பது சிநேகிதி புனிதமலரின் வீட்டில், பொதி கட்டுவது மட்டும்தான் இங்கே. விக்னராஜா அறிந்தது அவ்வளவுதான்.

"தூள் இல்லை. முடிஞ்சுது," என்றாள் குகனேஸ்வரி.

"போன சனி வறுக்கேல்லையோ?"

"இல்லை. இனிக் கொஞ்ச நாளைக்கு இல்லை. பயத்தம் உருண்டை இருக்கு, அதைக் கொண்டுபோங்கோ."

பழைய பிஸ்கற் பேணி ஒன்றில் உருண்டைகளை அடுக்கி, பத்திரிகைத் தாளால் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். விக்னராஜா அதைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு புதன்கிழமை கந்தோருக்குப் போனார்.

டொத்தோரெஸ்ஸா அசையாமல் இருந்தார். அறையின் மூலையில் இருந்த இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இரண்டு பெரிய சப்பாத்துகள் தெரிந்தன. அலுமாரி திருத்துகிற ஆள் போலிருக்கிறது என்று விக்னராஜா எண்ணிக்கொண்டார்.

"சிஞ்ஞோரா, போன முறை பிழை ஆதல்," என்றபடி பொதியை வெளியில் எடுத்து மேசையில் வைத்தார். "இது உங்களுக்கு. வீட்டுக்குக் கொண்டுபோதல். ஒருவருக்கும் சொல்லுதல் இல்லை, எல்லாரும் கேட்பார்கள். இருக்கிறது கொஞ்சம்தான்."

அலுமாரிக்குப் பின்னாலிருந்து சப்பாத்துகள் வெளியே வந்தன. அவற்றுக்கு மேலே பொலிஸ்காரர் ஒருவரும் வந்தார்.

"கையை எடுங்கள்! பொதியைத் திறக்கிறேன்."

சணல் அவிழ்ந்தது, தாள் கிழிந்தது, பேணி திறந்தது. பொலிஸ்காரர் ஓர் உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "இது என்ன?"

"பயறு. தேங்காய்ப்பூ. சர்க்கரை."

"இதற்குள்ளே?"

"அதற்குள்ளேயும் பயறு."

பிறகு அரைமணி நேரம் விசாரணை. யார் அந்த முப்பத்தைந்து வீதத்தைக் கொடுக்கச் சொன்னார்கள், அது யாருடைய சட்டைப்பைக்குப் போகும், அந்த இருபத்திநான்கு ஃபமீலியாவுக்குத் தலைவர் யார்? விக்னராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது, தாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருந்து இரண்டு வேறு சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று. அவர் பேணியை இழுத்து, பத்து உருண்டைகளை மேசையில் வரிசையாக வைத்தார்.

"இது பத்துக் கட்டடம். எல்லாரும் போடுதல், ஒருவர் எடுத்தல். அவசரக்காரர் முதலில் கேட்டால், இரண்டைக் கழித்தல்." இரண்டு உருண்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளினார். "இந்த இரண்டும் ஒருவர் பைக்கும் போதல் இல்லை. மற்ற எல்லாருக்கும் பிரித்தல்."

டொத்தோரெஸ்ஸா குனிந்து பார்த்தார். "எந்த இரண்டு?"

விக்னராஜா திரும்பினார். தள்ளிவைத்த இடம் வெறுமையாக இருந்தது. பொலிஸ்காரரின் இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன.

"நன்றாக இருக்கிறது," என்றார் அவர் வாய் நிறைய. "டொத்தோரெஸ்ஸா, இந்த மனிதன் லஞ்சம் கொடுக்கத் தெரியாதவன். தெரிந்திருந்தால் என்னையும் எண்ணித்தான் கொண்டுவந்திருப்பான்."

டொத்தோரெஸ்ஸா சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கண்டிப்பான குரலில் சொன்னார்.

"இங்கே ஏலம் கிடையாது, சிஞ்ஞோர் விக்னா. யாருக்குப் புகைக்கேடு அதிகமோ அவர்களுக்கு முதலிடம். அன்றைக்கே சொன்னேன். இனி நான் உங்கள் கட்டடத்துக்குக் காசு கொடுத்தால், இனிப்புப் பேணிக்காகக் கொடுத்ததாகக் கதை வரும். ஆகவே நானே நேரில் வருகிறேன், அளக்கிற ஆளோடு. புகை சனிக்கிழமைகளில் வருகிறது என்றுதானே உங்கள் கட்டடத்தார் முறைப்பாடு எழுதியிருக்கிறார்கள்? இந்தச் சனி வருகிறேன். என் கண்ணால் புகையைப் பார்த்தால் உங்கள் கட்டடம் முதலாவது. பார்க்காவிட்டால் இந்த வருடம் உங்கள் பெயரே இல்லை."

வழி நெடுக விக்னராஜா கணக்குப் பார்த்தார். அவர் நகரசபைக்கு அலையத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சனிகூடப் புகை வரவில்லை. 'நான் கந்தோருக்குப் போற கதை கேட்டுப் பொயிலரே பயந்துபோச்சு' என்று அயலில் எல்லோரிடமும் பெருமையடித்துவிட்டிருந்தார்.

"இந்தச் சனி நல்லாய்ப் புகை வரவேணும்," என்றார் வீட்டில்.

குகனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "புகை வரக்கூடாது எண்டுதானே இவ்வளவு நாளும் ஓடித் திரிஞ்சனீங்கள்?"

"இப்ப வரவேணும். வராட்டில் சித்தோஃபோனோ."

"வராட்டில் வேலை போகுமோ?"

"வேலை போகும், அறை போகும், பெர்மெஸ்ஸோவும் போகும். துசானியின்ரை பள்ளிக்கூடம் என்னாகுமோ தெரியாது." "சி பென்ஸோ இயோ எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் அப்பா. இப்ப என்ன செய்யிறதெண்டு எனக்கே தெரியேல்லை."

அவள் அவரை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை நல்ல வெயில். விக்னராஜா மொண்டெல்லோவுக்குப் போகவில்லை. இருபத்திநான்கு குடும்பங்களும் முற்றத்தில் கூடியிருந்தன. சிஞ்ஞோரா கவல்லாரோ சாட்சிக்குப் பூனையையும் கொண்டுவந்திருந்தார். டொத்தோரெஸ்ஸா சொன்னபடி வந்தார். புகை அளக்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவன் பெனடிக்ற். யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன், பொயிலர் பூட்டுகிற கொம்பனி ஒன்றில் உதவியாளாக இருந்தான். விக்னராஜாவைக் கண்டதும், "என்ன அண்ணை, நீங்களோ இஞ்சை?" என்று சிரித்தான்.

"பொயிலரைப் போடுங்கள்," என்றார் டொத்தோரெஸ்ஸா.

நிலக்கீழறைப் படியின் மேல் சுவரில் இருந்த சுவிச்சை விக்னராஜா அமத்தினார். கீழே ஒரு சத்தமும் இல்லை. திரும்ப அமத்தினார். நிர்வாகி ஸ்பத்தாரோ அவரை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

"தாங்கியில் டீசல் இல்லை, விக்னா. ஒரு சொட்டும் இல்லை. மெத்தானோ வரப்போகிறதே, ஏன் வீண் செலவு என்று நான் நிரப்பவில்லை. குளிர்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொயிலர் பழுது என்று சொல்லிவைத்திருந்தேன்."

விக்னராஜா அறைக்குள் ஓடினார். "எல்லாம் முடிஞ்சுதப்பா. தாங்கியிலை டீசல் இல்லையாம். புகைக்கு இனி எங்கை போறது?"

குகனேஸ்வரி எழுந்து சேலைத்தலைப்பை இடுப்பில் செருகினாள். ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்தாள்.

"நீங்கள் போய் அந்தப் பிள்ளையோடை கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டு நில்லுங்கோ. கோப்பி குடுங்கோ. விடவேண்டாம்."

"நீர் எங்கை போறீர்?"

"கீழை பிள்ளையார் படம் ஒண்டு வச்சிருக்கிறன். ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டு வாறன்."

இந்த நேரத்திலும் அவளுடைய பக்தியைப் பார் என்று விக்னராஜா உருகிப்போனார். பின்பக்கப் படியால் அவள் இறங்கிப் போனதும், முற்றத்துக்கு வந்து டொத்தோரெஸ்ஸாவுக்குக் கோப்பி கொடுத்தார். சீட்டைப் பற்றிப் பேசினார். சீட்டின் வகைகளைப் பற்றிப் பேசினார். டொத்தோரெஸ்ஸா இரண்டு முறை மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாவது முறை பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

"மன்னிக்க வேண்டும், சிஞ்ஞோர் விக்னா. இங்கே புகை இல்லை."

விக்னராஜாவிடம் அந்த ஒரே வசனமும் வரவில்லை. வெறும் கோப்பிக் கோப்பையை நீட்டியபடி நின்றார்.

முதலில் தும்மியது பூனை.

அடுத்துச் சிஞ்ஞோரா கவல்லாரோ. பிறகு இரண்டாம் மாடிக்காரர், நான்காம் மாடிக்காரர், அவர்களுடைய மாமியார். நிலக்கீழறையின் காற்றுத் துவாரங்களால் நீலமாக ஒரு புகை மெல்ல எழும்பி முற்றத்தை நிறைத்தது. டொத்தோரெஸ்ஸா கண்ணாடியைக் கழற்றினார். கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் ஓடியது. இருமல் அவரைக் குனியவைத்தது.

"சாந்தா ரொசலீயா!" என்று ஊரின் காவல் புனிதையைக் கூப்பிட்டு நிர்வாகி ஸ்பத்தாரோ சிலுவை போட்டுக்கொண்டார். டீசல் இல்லாத பொயிலர் புகைவதைக் கண்டவர் அவர்.

"பிள்ளையாரப்பா!" என்று விக்னராஜா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பெனடிக்ற், கீழே போ," என்று டொத்தோரெஸ்ஸா இருமலுக்கிடையில் சொன்னார். "நான் இறங்கமாட்டேன். அளந்துகொண்டு வா!"

பெனடிக்ற் மூக்கை ஒருமுறை உறிஞ்சினான். பிறகு இன்னொருமுறை நிதானமாக உறிஞ்சினான். கருவியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். வெள்ளைத்தாள் ஒன்றைக் கருவியில் வைத்துப் புகையை இழுத்தால், அது கறுக்கிற அளவைக் கொண்டு கேட்டைச் சொல்வார்கள். அவன் மேலே கொண்டுவந்த தாள் கறுப்பாக இல்லை. செம்மண் நிறத்தில் இருந்தது. டொத்தோரெஸ்ஸா அதை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், கண்ணீர் தெரியவிட்டால்தானே.

"இப்படி ஒரு நிறத்தை நான் கண்டதேயில்லை. இவ்வளவு மோசமான டீசலை இந்த மனிதர்கள் எத்தனை மாதமாகச் சுவாசித்தார்களோ! முதலிடம். சந்தேகமே இல்லை, முதலிடம்!"

அந்த இடத்திலேயே லிஃப்ட் கதவில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இருபத்திநான்கு குடும்பங்களும் இருமிக்கொண்டே கைதட்டின. நிர்வாகி ஸ்பத்தாரோ விக்னராஜாவைக் கட்டிப்பிடித்து, இந்த மனிதன் இருக்கும்வரை இந்தக் கட்டடத்துக்குச் சித்தோஃபோனோ வராது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். டொத்தோரெஸ்ஸா காருக்கு ஓடினார்.

குகனேஸ்வரி மேலே வந்தாள். முகம் சிவந்து வியர்த்திருந்தது, கண்கள் கலங்கியிருந்தன. "என்னவாம்?"

"முதலாவது சீட்டு எங்களுக்குத்தான்!" விக்னராஜாவுக்கும் கண் கலங்கியது, ஆனால் அது புகையால் அல்ல. "கடைசி நிமிசத்திலை நான் அந்தப் பிள்ளையைக் கதைச்சு மறிச்சன் பாரும், அதிலைதான் காரியம் நடந்தது. மிச்சத்தைப் பிள்ளையார் பார்த்தார்."

"ஓம், பிள்ளையார்தான்," என்றாள் குகனேஸ்வரி. ஒரு தும்மல் தும்மிவிட்டுத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள்.

முற்றம் வெறுமையானது. பெனடிக்ற் மட்டும் கருவியைப் பெட்டியில் வைத்து ஆறுதலாகப் பூட்டினான். காரில் டொத்தோரெஸ்ஸா ஹோர்ன் அடித்தார். அவன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு விக்னராஜாவின் காதருகே குனிந்தான்.

"அண்ணை, பொயிலர் சில்லெண்டு குளிர்ந்துபோய்க் கிடக்கு, அதுக்குப் பின்னாலை அடுப்பிலை இருக்கிற தாச்சிதான் கொதிக்குது, அக்காட்டைச் சொல்லி இண்டைக்கு வறுத்த தூளிலை எனக்கும் ஒரு கிலோ எடுத்து வையுங்கோ."